வாளியின் அடித்தோல்

செல்லம்மா தோட்டத்தை விட்டு மம்பா டவுனுக்குப் போன மறுநாள் என் கையில் பட்டையைக் கட்டினார்கள்.

பச்சைத் துணி. வெள்ளை நூலில் ஓர் எண். முந்தின நாள் வரை அது செல்லம்மாவின் கையில் இருந்தது. அவள் வேர்வை இன்னும் காயவில்லை.

எட்டாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தின் கேட்டில் பெண்களைச் சோதிப்பது அவள் வேலை. பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு மணி அரிசிகூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும். மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. கடையில் டின் பாலைக்கூட, சேர்த்து வைக்க முடியாதபடி, ஓட்டை போட்டுத்தான் விற்றார்கள். ஆண்களைப் போலீஸ் சோதித்தது. பெண்களைத் தொட ஒரு பெண் வேண்டும்.

ஒரு நாள் காலை செல்லம்மா வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அன்றே லாரியில் சாமானை ஏற்றினாள். காகிதத்தைப் படித்தவர் என் அப்பா மட்டும். அதில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதலில் கை, பிறகு கழுத்து.

லயத்துப் பெண்கள் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. தோட்டத்துத் துரை அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவர். பெயர் ஆம்புரோஸ். இருபது வருடத்தில் துரையிடம் ஒரு முறையும் முடியாது என்று சொன்னதில்லை.

"துரை கேட்டுட்டாரு," என்றார் அம்மாவிடம்.

"பொண்ணையா?"

"வேற யாரு இருக்கா?"

"காகிதம் ஒட்டுனவன் இங்கயும் ஒட்டுவான்."

"சொல்லிட்டேன் அந்தோனியம்மா. அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."

அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு வயது பதினாறு. என்னை யாரும் கேட்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு, சாக்கைத் தைத்துச் சுற்றிக் கட்டிய தடுப்பு. உள்ளே கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி. அதன் ஒரு மூலை கல்லின்மேல் நின்றது. உட்கார்ந்தால் ஆடாது. எழுந்தால் சாயும்.

ஒருத்தி உள்ளே வருவாள். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பிலிருந்து வாளி இரண்டையும் இறக்கி வைப்பாள். கையைத் தூக்குவாள். நான் தலைத்துணி, இடுப்பு, மடி, கால் என்று தடவிப் பார்ப்பேன். வாளிக்குள் பார்ப்பேன். கூடையைக் கிளறுவேன். "போங்க" என்பேன். அடுத்தவள்.

முப்பத்தெட்டுப் பெண்கள். ஐந்தரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடியும். கடைசி ஆள் உள்ளே வரும்வரை மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே காத்திருப்பார்கள். மத்தியானம் திரும்பி வரும்போது மறுபடியும். போகும்போது அரிசி, வரும்போது காட்டிலிருந்து காகிதம்.

முதல் நாள் மாரியம்மா சிரித்தாள்.

"என்ன பாப்பா, ரவிக்கைக்கு அளவா எடுக்கற? கொஞ்சம் லூசா வெச்சுத் தை."

வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மணியம் துப்பாக்கிக் கட்டையால் சாக்கைத் தட்டினான். அவன் லயத்துப் பையன்தான்.

"உள்ள என்ன சத்தம்?"

"ஒனக்கும் தைக்கணும்னா வா லா. பாப்பா அளவு எடுக்கும்."

வரிசையில் நின்ற பஞ்சாலை சிரிக்கவில்லை. அவள் புருஷன் நல்லசாமி இந்தத் தோட்டத்தில் மண்டோராக, வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தவர். மூன்று மாதத்துக்கு முன் காட்டிலிருந்து வந்தவர்கள் அவரைப் பன்னிரண்டாம் நிரையில் ரப்பர் மரத்தோடு சேர்த்துக் கட்டிச் சுட்டிருந்தார்கள். போலீசுக்குப் பெயர் கொடுத்தவன் என்று காகிதத்தில் எழுதிச் சட்டையில் குத்தியிருந்தது. பஞ்சாலை இப்போது பதின்மூன்றாம் நிரையில் வெட்டுகிறாள். கையைத் தூக்கும்போது அவள் என்னைப் பார்க்க மாட்டாள். சாக்கைப் பார்ப்பாள்.

தமிழ்ப் பெண்கள் முடிந்ததும் சீனப் பெண்கள். எப்போதும் கடைசியில் யோக் மூய்.

யோக் மூயை எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். அப்போது வேலி இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் குடிசை, கீரைப் பாத்தி, பன்றிக் கொட்டில். அவள் அம்மா கீரை கொண்டுவருவாள். எங்கள் சமையல்கட்டுப் படியில் ஏற மாட்டாள். யோக் மூயும் ஏற மாட்டாள். ஏறாதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் இறங்கிப் போவேன்.

லயத்துப் பிள்ளைகளோடு திரிந்து தமிழ் பேசினாள். கெட்ட வார்த்தைகள் அவளுக்கு முதலில் வந்தன. அவற்றின் அர்த்தத்தை நான் அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் அம்மா பாலும் வெட்டினாள். வாளியைக் கழுவுவது யோக் மூயின் வேலை.

"வாளியில ஒட்டுன பாலு காஞ்சா தோலு," என்று எட்டு வயதில் எனக்குக் காட்டினாள். "தெனம் உரிக்கணும். உரிக்காட்டி நாளைக்கு ஊத்தற பாலும் திரிஞ்சு போயிரும். ஸ்டோர்ல வாங்க மாட்டான்."

விரலை நாக்கில் நனைத்தாள். விளிம்பில் கிள்ளினாள். ஒரே இழுப்பு. தோல் முழுசாக வந்தது. நாடாவாகக் கிழித்து, இழுத்து இழுத்துப் பந்து சுற்றினோம். அது எங்கள் கூரையைத் தாண்டிக் குதித்தது.

அப்பா அதை என் புத்தகப் பையில் கண்டார். முகர்ந்து பார்த்தார்.

"கிராணி மக கையில பால் நாத்தம் வரக் கூடாது," என்று சொல்லிக் கால்வாயில் எறிந்தார்.

மறுநாள் யோக் மூய் இன்னொன்று சுற்றி வைத்திருந்தாள்.

போன வருடம் லாரிகள் வந்தன. குடிசைகளை எரித்தார்கள். சீனக் குடும்பங்களை எல்லாம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கம்பம் என்று புதிதாகக் கட்டிய தகர வீடுகளில் வைத்தார்கள். எங்களையும் அவர்களையும் சுற்றி ஒரே வேலி, ஒரே கேட். நடுவில் இன்னொரு கம்பி. அதன் கதவு மாலை ஆறு மணிச் சங்கு ஊதினால் மூடிவிடும். பிறகு கம்பிப் பக்கம் யார் அசைந்தாலும் சுடலாம்.

லாரி வந்த அன்று யோக் மூயின் அண்ணன் ஆ சோய் குடிசையில் இல்லை. சிங்கப்பூரில் வேலை என்றாள் அவள் அம்மா. மகன் காணாமல் போன எல்லா வீட்டிலும் சிங்கப்பூர் என்றுதான் சொன்னார்கள்.

நான் பஸ்ஸில் சிரம்பானுக்குப் போய் இங்கிலீஷ் படித்தேன். லாபு ரோட்டில் ஒரு பஸ்ஸை எரித்த பிறகு அப்பா நிறுத்திவிட்டார். யோக் மூய் அதற்கு இரண்டு வருடம் முன்பே பால் வெட்டப் போய்விட்டாள்.

முதல் நாள் சாக்குக்குள் என்னைக் கண்டதும் அவள் கண் விரிந்தது.

"நீயா?"

"நான்தான்."

கையைத் தூக்கினாள். இடுப்பைத் தொட்டதும் நெளிந்தாள்.

"கூசுது, லில்லி."

நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பெட்டியில் உட்கார்ந்து நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பதாம் நாள் அவள் வாளியைக் குனிந்து பார்த்தேன். அடியில் தோல் இருந்தது.

உரிக்காத தோல். வெள்ளையாக, வழவழப்பாக, வழக்கத்தைவிடத் தடிமனாக. இன்னொரு வாளி பளிச்சென்று இருந்தது.

யோக் மூய் வாளியை உரிக்காமல் தூங்க மாட்டாள்.

விரலால் அழுத்தினேன். தோலுக்குக் கீழே நறநறத்தது. அரிசி.

அவளைப் பார்த்தேன். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்தது. சாக்கின் அடியில் மணியத்தின் பூட்ஸ் தெரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரம்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். கொண்டுபோனவளுக்கு ஜெயில். சீனக் குடும்பமாக இருந்தால் சீனாவுக்குக் கப்பல். யோக் மூயின் அம்மா சீனாவை விட்டு வந்தது ஏழு வயதில். யோக் மூய் அதைப் பார்த்ததே இல்லை. தெரிந்தும் போகவிட்டவளுக்கும் ஜெயில். அவள் அப்பாவுக்கு வேலை போகும். வீடு போகும்.

"போங்க," என்றேன்.

"முடிஞ்சுதா?" என்றான் மணியம் வெளியிலிருந்து.

"முடிஞ்சுது."

அவள் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றினாள். வாளிகள் ஆடாமல் போனாள்.

மத்தியானம் வாளி நிறையப் பாலோடு திரும்பி வந்தாள். நான் அவளைச் சோதித்தேன். ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து பூட்ஸ் சத்தம் எங்கே கேட்டாலும் திரும்பிப் பார்த்தேன். அம்மா கதவைத் திறந்தால் முதலில் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். காகிதம் இல்லை. அதுவும் பயமாக இருந்தது. செல்லம்மாவுக்கு ஒட்டினார்கள். எனக்கு ஏன் ஒட்டவில்லை? நான் விட்டுவிடுவேன் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மறுநாள் வாளி சுத்தமாக இருந்தது. அவள் மடியைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

"யாருக்கு?"

"அண்ணனுக்கு."

"சிங்கப்பூர்ல இருக்கான்னீங்க."

அவள் கையை இறக்கிக் கம்பை எடுத்தாள். அடுத்த நாள் மறுபடி தோல் இருந்தது.

"காய்ச்சல்," என்றாள் உதடு அசையாமல். "வயித்துல ஒண்ணும் நிக்கல. கஞ்சி வேணும்."

"நல்லசாமி மண்டோரச் சுட்டது யாரு?"

"அவன் சுடல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

வெளியே பஞ்சாலை தன் கம்பை எடுக்கும் சத்தம் கேட்டது. வாளிகள் ஒன்றோடொன்று இடித்தன. யோக் மூய் அந்தச் சத்தம் நடந்து தேயும்வரை நின்றாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

"நிறுத்திரு மூய்."

"இன்னும் நாலு நாளு. எந்திரிச்சு நடந்துருவான்."

"பிடிச்சுருவாங்க."

"நீதானே பிடிக்கற," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது ஒரு ஜீப் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றது. போலீஸ் துரை இறங்கினார். சின்ன வயது. கழுத்து வெயிலில் வெந்து சிவந்திருந்தது. அப்பா அவர் பின்னால் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

போலீஸ் துரை எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார்.

வட்டமான ரப்பர்த் தோல். சாப்பாட்டுத் தட்டளவு. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் நிறையச் சின்னக் குழிகள். அரிசி மணி அளவு. ஒரு குழியில் ஒரு மணி ஒட்டிக்கொண்டே இருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் உள்ளே வாங்கியிருந்தது. அந்த இடத்தில் வாளி நசுங்கியிருக்க வேண்டும்.

ஸ்டோரில் ஒட்டுப்பால் குவியலில் கிடைத்தது என்றார்.

ஒட்டுப்பால் என்பது மரத்திலும் பால் வடியும் மங்கிலும் காய்ந்து ஒட்டிய பால். வெட்டுகிறவர்கள் அதில் ஒரு துண்டையும் எறிய மாட்டார்கள். பிய்த்துக் கூடையில் போடுவார்கள். மத்தியானம் ஸ்டோரில் கொட்டுவார்கள். யோசித்துச் செய்வதில்லை. கை செய்யும். அரிசியைக் கொடுத்துவிட்டு, உரித்த தோலை யோக் மூயின் கை கூடையில் போட்டிருக்கிறது.

அவர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். நாளைக்குச் சாக்குக்குள் ஒவ்வொரு வாளியிலும் இதை வைத்துப் பார். பொருந்தினால் அவளிடம் காட்டிக்கொள்ளாதே. விட்டுவிடு. அவள் வெளியே போனதும் இந்த வெள்ளைத் துணியைச் சாக்கின்மேல் போடு. நாங்கள் பின்னால் போவோம். வாங்க வருகிறவன்தான் வேண்டும்.

வாங்க வருகிறவன் ஆ சோய். எழுந்து நடக்க முடியாதவன்.

"புரிந்ததா?" என்றார்.

"எஸ் சார்," என்றேன்.

ஜீப் போனது. அப்பா மேசைக்குப் பக்கத்தில் நின்று அந்தத் தோலைத் தொடாமல் பார்த்தார்.

"இது என்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

அவர் தலையாட்டினார். வெள்ளைத் துணியை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

"சொன்னதச் செய். அவ்வளவுதான். வேற எதையும் நெனைக்காத."

நான் சமையல்கட்டுப் படிக்குப் போனேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தகரக் கூரைகள். ஐந்தாவது கூரை அவர்களுடையது. புகை வந்துகொண்டிருந்தது. கத்தினால் கேட்கும். காவல்காரன் விளக்கைத் திருப்பினான். வெளிச்சம் கால்வாயில் ஓடி வந்து என் காலடியில் நின்றது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

காலையில் போலீஸ் துரையின் ஆட்கள் ஸ்டோருக்குப் பின்னால் மறைந்து நின்றார்கள். அவர் கேட்டில் அப்பாவோடு நின்றார். நான் பெட்டியில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வாளியிலும் தோலை வைத்தேன். எடுத்தேன்.

"புதுசா என்ன பாப்பா இது, தோசக் கல்லா?" என்றாள் மாரியம்மா.

"வாளி அளவு பாக்கறாங்க."

"மொதல்ல ரவிக்க. இப்ப வாளி. நாளைக்குப் பாடைக்கும் எடுத்துருவீங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேட்டில் போலீஸ் துரையை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

பஞ்சாலை கையைத் தூக்கினாள். தோலை அவள் வாளியில் வைத்தபோது குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. அவள் கண் தோலில் இருந்த அரிசிக் குழிகளில் நின்றது. பிறகு சாக்குக்குத் திரும்பியது. ஒன்றும் கேட்காமல் போனாள்.

முப்பத்தெட்டாவது ஆள் யோக் மூய்.

வாளியை இறக்கினாள். அடியில் புதுத் தோல் இருந்தது.

நான் பழையதை அவள் முன்னால் நீட்டினேன்.

"இதக் கூடையில போட்டியா?"

பார்த்தாள். தூக்கிய கைகள் தானாக இறங்கின.

"பழக்கம்," என்றாள்.

வெளியே மணியம் இருமினான். நேரம் இல்லை. விரலை நாக்கில் நனைத்தேன். விளிம்பில் கிள்ளினேன். ஒரே இழுப்பு. முழுசாக வந்தது. வாளியைச் சாய்த்து அரிசியை என் கவுன் மடியில் கொட்டினேன். மூன்று பிடி இருக்கும். பெட்டியைத் தூக்கி, அரிசியைக் கீழே தள்ளி, தோலையும் தள்ளி, பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"நீ இன்னும் மறக்கல," என்றாள் அவள்.

"நெரைக்குப் போ. பால மட்டும் வெட்டு. அவன்கிட்டப் போகாத. பின்னால ஆளு இருக்கு."

"காத்துக்கிட்டு இருப்பான்."

"போகாத மூய்."

அவள் கம்பைத் தோளில் ஏற்றினாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மணியம் சாக்கைத் தட்டினான். போய்விட்டாள்.

வெள்ளைத் துணி பெட்டியின் பக்கத்தில் மடித்தபடி கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

போலீஸ் துரை காத்திருந்தார். பிறகு வந்து சாக்கை விலக்கினார்.

ஒன்றும் இல்லையா என்றார். இல்லை என்றேன்.

அவர் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழைய தோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விசில் அடித்தார்.

பெண்கள் செம்மண் ரோட்டில் கொஞ்சத் தூரம்தான் போயிருந்தார்கள். நின்றார்கள். வாளிகளை ரோட்டில் வரிசையாக வைக்கச் சொன்னார். எழுபத்தாறு வாளிகள். அவரே மண்டியிட்டு ஒவ்வொன்றிலும் தோலை வைத்தார். விலக்கிய சாக்கு விலக்கியபடியே இருந்தது. நான் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

அவர் மெதுவாக வரிசையின் கடைசிக்கு வந்தார். யோக் மூயின் வாளிக்குள் தோலை வைத்தார். திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினார். எடுக்கவில்லை.

எழுந்தார். அவர் முதலில் பார்த்தது யோக் மூயை அல்ல. என்னை.

பூட்ஸ் என்னை நோக்கி வந்தது. அப்பா பின்னால் ஓடி வந்தார்.

"எந்திரி லில்லி. துரை வர்றாரு."

நான் எழவில்லை. எழுந்தால் பெட்டி சாயும்.

"எந்திரி," என்றார் அப்பா.

பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். போலீஸ் துரையின் பூட்ஸ் பெட்டியின் விளிம்பில் வந்து நின்றது. அதில் செம்மண் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு விரல் தள்ளி அரிசி.

அந்த வாளியில் இதை வைத்துப் பார்த்தாயா என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன்.

பொருந்தவில்லையா?

நான் அவர் பூட்ஸையே பார்த்தேன்.

"கிராணி மகளுக்கு வாளியப் பத்தி என்ன தெரியும்?"

ரோட்டிலிருந்து யோக் மூய் கத்தினாள். தமிழில். எல்லாரும் திரும்பினார்கள்.

"தலைகீழா வெச்சு வெச்சுப் பாத்துச்சு. எனக்கே சிரிப்பு வந்திருச்சு. வாளியில கைய விட்டா பால் நாறுமுன்னு மூக்கப் பிடிக்குது. இதையெல்லாம் கேட்டுல கொண்டாந்து வெச்சிருக்கீங்க."

அப்பாவின் முகம் என் பக்கம் திரும்பியது.

"ஆமா துரை," என்றாள் மாரியம்மா. "தோசக் கல்லுல திருப்பிப் போடற மாதிரி போட்டுச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

என்ன சொல்கிறாள் என்று போலீஸ் துரை அப்பாவைக் கேட்டார்.

அப்பா நின்றார். அவர் கால்வாயில் எறிந்த பந்து எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்கும். என் கையை ஒரு முறை பார்த்தார். விரல் நுனியில் பால் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் விரலை மடக்கினேன்.

அப்பா இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கடைசியில், என் மகள் வாளியைத் தொட்டு வளர்ந்தவள் அல்ல சார், என்று தானாகச் சேர்த்துக்கொண்டார்.

போலீஸ் துரை என் கவுனைப் பார்த்தார். காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். மூச்சை விட்டார். வேறு யாரும் வரமாட்டார்களா இந்த வேலைக்கு என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே திரும்பி நடந்தார்.

யோக் மூயை லாரியில் ஏற்றினார்கள். மணியம் அவள் கையைப் பிடித்திருந்தான்.

"என் வாளி," என்றாள் அவனிடம்.

"அத விடு மூயி. ஏறு," என்றான் அவன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன். அது உண்மையா என்று தெரியாது. லாரி புறப்பட்டது. சிரம்பான் ரோட்டில் போகவில்லை. கேட்டுக்குள் வந்து கம்பத்துப் பக்கம் திரும்பியது. அவள் அம்மாவையும் ஏற்றப் போகிறார்கள்.

நான் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெண்களை நிரைக்கு அனுப்பினார்கள். இன்று லயம், கம்பம், ஸ்டோர் எல்லாம் சோதனை என்று மணியம் வந்து சொன்னான். இந்தச் சாக்கையும் பிரிப்பார்களாம்.

"எப்ப?"

"மத்தியானம் பொம்பளைங்க வந்து போனதும். நீ வீட்டுக்குப் போகாத. இங்கயே இருக்கச் சொன்னாரு."

சாக்கை இழுத்து மூடிவிட்டுப் போனான். அவன் பூட்ஸ் வெளியே நடந்தது. போனது. வந்தது.

நான் பெட்டியைத் தூக்கினேன். அரிசி செம்மண்ணில் வெள்ளையாகக் கிடந்தது. மண் இறுகியிருந்தது. நகத்தால் தோண்ட முடியவில்லை. எங்கே எறிந்தாலும் தெரியும்.

ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன்.

பால் நாற்றம். மண். மெல்ல மெல்ல மாவானது. விழுங்கினேன். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது. தண்ணீர் இல்லை. பூட்ஸ் பக்கத்தில் வரும்போது மெல்லுவதை நிறுத்தினேன். போனதும் மென்றேன். மூன்று தடவை குமட்டியது. மூன்று தடவையும் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆ சோயின் கஞ்சி இது என்று ஒரு தடவை நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை. மண்ணில் சிதறியதை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினேன்.

வெயில் சாக்கின் ஓட்டைகளில் வந்தபோது ஒரு மணியும் மிச்சம் இல்லை. தோல் மட்டும் இருந்தது. அதைத் தின்ன முடியாது. கையில் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் முதலில் பஞ்சாலை வந்தாள்.

வாளிகளை இறக்கினாள். கையைத் தூக்கவில்லை. என் மூடிய கையைப் பார்த்தாள். விரல்களுக்கு இடையில் வெள்ளை தெரிந்தது. நான் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அவள் புருஷனைச் சுட்டவர்களின் சோறு. அவள் கத்தினால் போதும்.

பஞ்சாலை கையை நீட்டினாள்.

"தா."

நான் கொடுக்கவில்லை.

"தா பாப்பா."

கொடுத்தேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்து இறுக்கி உருட்டினாள். தன் கூடையிலிருந்து ஒட்டுப்பால் துண்டு இரண்டை எடுத்து அதன்மேல் சுற்றி அழுத்தினாள். உருண்டை ஆனது. கூடைக்குள் போட்டு மற்றத் துண்டுகளோடு சேர்த்துக் கிளறினாள். எது எது என்று எனக்கே தெரியவில்லை.

நான் பட்டை கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் இரக்கம் இல்லை. வேறு எதுவும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"வாயத் தொடச்சுக்க," என்றாள். "மாவு ஒட்டியிருக்கு."

துடைத்துக்கொண்டேன்.

வெளியே பூட்ஸ் வந்து நின்றது. பஞ்சாலை கையைத் தூக்கினாள். சாக்கைப் பார்த்தாள். நான் எழுந்து அவள் தலைத்துணியில் தொடங்கினேன்.